மாப், லூசியா, பிறகு எங்கள் அம்மா: இரண்டு பெண்கள் போட்டி போடுவதைப் பார்க்க ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

கடற்கரைவீதி:

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்தால் ஒரே வேலைதான். இங்கிலாந்தில் 1985, 1986இல் ஒளிபரப்பான ‘மாப் அண்ட் லூசியா’ தொடரைப் போட்டுவிட்டு அம்மாவும் நானும் இருந்து பார்க்கிறோம். மொத்தம் 10 பாகம்தான். லண்டனில் இருக்கும் மச்சாள் இந்த முறை வந்தபோது டிவிடி கொண்டு வந்து தந்தாள். நான் முதலில் தனியாக முழுவதையும் பார்த்து முடித்தேன், பிறகு அம்மாவுக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, பக்கத்தில் இருந்து நான் சொல்லிக்கொண்டே வரவேண்டும், ஆனால் நான் சொல்லி முடிக்க முன்பே அவர் சிரித்துவிடுகிறார். முதல் மூன்று பாகத்தையும் இரண்டு தரம் பார்த்தாயிற்று.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டில்லிங் என்று கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் ராணி மாதிரி இருப்பவர் மிஸ் மாப். கோடைக்குத் தன் வீட்டை வாடகைக்கு விடுகிறார், அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார் லூசியா என்ற இன்னொரு பெண். அவருக்கும் தான் போகிற இடத்தில் தானே ராணியாக இருக்கவேண்டும். அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் இவர்கள் இரண்டு பேரின் போட்டி. யார் வீட்டு விருந்து பெரிது, யார் முதலில் செய்தி அறிந்தார், யாருடைய தோட்டம் வடிவு. மாப்பாக புரூனெல்லா ஸ்கேல்ஸ், லூசியாவாக ஜெரால்டின் மக்யூவன் நடிக்கிறார்கள். இரண்டு பேரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் குத்துவதை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

என் கேள்வி இதுதான். கொலை இல்லை, காதல் கூடப் பெரிதாக இல்லை. அப்படியிருந்தும் அம்மா ஏன் இதை விடாமல் பார்க்கிறார்? நானும் ஏன் பார்க்கிறேன்? மாப் சந்தைக் கூடையோடு தெருவில் வரும் காட்சியைப் பார்த்தவுடனே அம்மா சொன்னது, “இவள் எங்கட பக்கத்து வீட்டுக்காரியேதான்.”

பாலையூற்றான்:

எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் ஒரு வருத்தம் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பக்கத்து டிவி எத்தனை வருடமாகப் பிழைக்கிறது. மாமியார் மருமகள், நாத்தனார் அண்ணி, மூத்தவள் இளையவள். ஆண்கள் சோபாவில் இருந்து பேப்பர் வாசிப்பார்கள், பெண்கள் ஒருவர் தலையை ஒருவர் உடைப்பார்கள். என் இரண்டு தங்கச்சிமாரும் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் பெண்களின் நட்பைப் பற்றி அந்தத் தொடர்கள் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர் செய்தால் மட்டும் அது ரசனை ஆகிவிடுமா?

சொதிப்பிரியை:

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம், ஆனால் எல்லாத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள். எங்கள் நெடுந்தொடர்களில் வில்லி என்ன செய்வாள்? பாலில் விஷம் கலப்பாள், ஆள் வைத்துக் கடத்துவாள், கர்ப்பிணியைப் படியில் தள்ளுவாள். அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, அடுத்த நாளும் பார்ப்பேன், ஆனால் சந்தோஷமாகப் பார்ப்பதில்லை. டில்லிங்கில் பணயம் வைக்கப்படுவது ஒரு சமையல் குறிப்பு. தோற்றவள் செத்துப்போக மாட்டாள், நாளைக் காலை கூடையோடு மறுபடியும் தெருவுக்கு வருவாள். அந்த நிச்சயம் இருப்பதால்தான் மனம் விட்டுச் சிரிக்க முடிகிறது.

தமிழிலும் இது இல்லாமல் இல்லை. சன் டிவியில் வந்த ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ ஞாபகம் இருக்கிறதா? நளினியும் நிரோஷாவும் அடித்துக்கொள்வார்கள், நடுவில் எம். எஸ். பாஸ்கர் பட்டாபியாக வந்து மாட்டிக்கொண்டு முழிப்பார். எங்கள் வீட்டில் அம்மம்மா தொடங்கிக் கடைசிப் பேரன் வரைக்கும் ஒன்றாக இருந்து பார்த்த தொடர் அது. அதிலும் அழுகை இல்லை, அடுத்த வாரம் அதே வீடு, அதே ஆட்கள், புதுச் சண்டை.

அப்புறம் இன்னொன்று. இந்த மாதிரிக் கதையில் பெண்களுக்குத்தான் மூளை. திட்டம் போடுவது, எதிராளி என்ன செய்வாள் என்று மூன்று படி முன்னால் யோசிப்பது, தோல்வியை ஒரு நிமிடத்தில் வெற்றி மாதிரி மாற்றிக் காட்டுவது எல்லாம் அவர்கள்தான். பேப்பர் வாசிக்கிற ஆண்களைப் பற்றிச் சொன்னீர்களே, டில்லிங்கில் மேஜர் பென்ஜிக்கு விஸ்கியும் கோல்ஃபும் போதும், ஊரை நடத்துவது இந்த இரண்டு பேரும்தான். அந்த மூளைக்கு அந்தக் காலத்தில் வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை, அதனால் விருந்திலும் சீட்டாட்டத்திலும் போய் இறங்கியது. எனக்கு இதைப் பார்க்கும்போது எங்கள் பெரியம்மாமார்தான் நினைவுக்கு வருவார்கள். எட்டாம் வகுப்போடு மறிக்கப்பட்டவர்கள். ஒரு கலியாண வீட்டில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு, யாருக்கு முதல் பந்தி, யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது என்பதெல்லாம் தாளில் எழுதாமல் தலையிலேயே வைத்திருப்பார்கள்.

லண்டன்திருமலை:

இந்த இழையைப் பார்த்ததும் சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அந்த ஊருக்கே போய் வந்தவன். டில்லிங் என்பது கற்பனைப் பெயர், உண்மையில் அது சசெக்ஸில் இருக்கும் ரை என்ற ஊர். கதையை எழுதிய ஈ. எஃப். பென்சன் அங்கே லாம் ஹவுஸ் என்ற வீட்டில் வாழ்ந்தார், 1934 முதல் 1937 வரை அந்த ஊரின் மேயராகவும் இருந்தார். மாப்பின் வீடு மல்லார்ட்ஸ் என்று கதையில் வருவது அவர் குடியிருந்த அதே வீடுதான். இரண்டு பெண்களும் சந்திக்கும் நாவல் 1931இல் வெளிவந்தது. மாப் யன்னல் ஓரத்தில் இருந்து தெருவை வேவு பார்க்கும் அந்தத் தோட்டத்து அறை 1940இல் குண்டு விழுந்து அழிந்துவிட்டது, வீடு மட்டும் நிற்கிறது.

1985 தொடரையும் அந்த ஊரிலேயே எடுத்தார்கள், பிபிசி 2014இல் மறுபடி மூன்று பாகமாக எடுத்தபோதும் அங்கேதான் போனார்கள். அதில் மாப்பாக மிராண்டா ரிச்சர்ட்சன், லூசியாவாக அனா சான்சலர். எனக்குப் பழையதுதான் பிடிக்கும், லூசியாவின் நண்பர் ஜார்ஜி பாத்திரத்தில் நைஜல் ஹாத்தோர்ன் நடித்ததற்காகவே.

அங்கே கல் பதித்த தெருவில் நடந்தபோது எனக்கு நம் திருகோணமலைதான் ஞாபகம் வந்தது. சின்ன ஊர், மூன்று பக்கம் தண்ணீர் பார்க்கிற ஊர், எந்தப் படலையைத் திறந்தாலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்துவிடும். காலையில் மத்திய வீதியில் மீன் வாங்கப் போனால் பத்து மணிக்கு முன் உப்புவெளியில் இருக்கும் சின்னம்மாவுக்கு நான் என்ன மீன் வாங்கினேன் என்று தெரியும். ஊர்ப்புதினம் அறியும் ஆவலுக்கு நாங்கள் சொல்லும் விடுப்பு என்ற சொல்லை ஆங்கிலேயருக்கு எப்படிச் சொல்வது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இந்தத் தொடரைக் காட்டினால் போதும்.

கோட்டைமான்:

ஒரு சின்னத் தகவல், தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். சின்ன ஊர், சின்ன வட்டம், தேநீர் மேசையில் நடக்கும் யுத்தம் என்ற இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் பாதை போட்டவர்களில் ஜேன் ஆஸ்டன் முக்கியமானவர். அவருடைய தம்பி சார்ல்ஸ் ஆஸ்டன் கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாப் பக்கம் இறந்தவர், அவரை அடக்கம் செய்திருப்பது நம் திருகோணமலையில். டொக்யார்ட் வீதிப் பக்கம் இருக்கும் பழைய மயானத்தைத் தாண்டி நாங்கள் எத்தனை தரம் பள்ளிக்கூடம் போயிருப்போம். அங்கே யார் படுத்திருக்கிறார் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, எனக்கு அது இன்னும் கவலைதான்.

உப்புவெளிஅக்கா:

சரி, எனக்குப் பிடித்த காட்சியைச் சொல்கிறேன். மாப் தன் வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும் அது தன் வீடு என்ற நினைப்பில் மணி அடிக்காமல் உள்ளே போய்விடுவார். எத்தனை நாள் பொறுப்பது? லூசியா ஒருநாள் கதவுக்குச் சங்கிலி போட்டுவிடுகிறார். மாப் வழக்கம் போலக் கதவைத் தள்ளிக்கொண்டு வர, சங்கிலி இழுத்து நிறுத்த, டமார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்கிறார் லூசியா, பரவாயில்லை என்கிறார் மாப், இரண்டு பேருக்கும் யுத்தம் தொடங்கிவிட்டது என்று தெரியும்.

எங்கள் அண்ணியின் வீட்டுக்குப் போன வருடம் ஒரு வீட்டுக்காரி இருந்தார். வாடகைக்குக் கொடுத்த வளவில் நிற்கும் தேசிமரத்துக்குத் தினமும் வந்து காய் எண்ணுவார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, படலைக்குக் கொளுக்கி மட்டும் போட்டார். அதனால்தான் அந்தக் காட்சியை நான் நாலு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

இத்தாலியப் பாஷைக் கதையும் அருமை. லூசியாவும் ஜார்ஜியும் ஏதோ நாலு இத்தாலியச் சொல் பேசி ஊரையே நம்ப வைத்திருப்பார்கள். உண்மையான இத்தாலியக்காரரைக் கட்டிய ஒரு சீமாட்டி ஊருக்கு வரப்போகிறார் என்றதும் லூசியாவுக்குத் திடீர்க் காய்ச்சல், படுக்கை. மாப் நம்புவாரா? தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் கீழே தோட்டத்தில் காய்ச்சல்காரி கயிறு அடித்துத் துள்ளிக்கொண்டிருக்கிறார். அந்த வயதில், அந்த உடம்போடு, அவ்வளவு படி ஏறுகிறாரே, அங்கேதான் எனக்கு மாப் மேல் ஒரு பாசம் வந்தது. ஒருவர் பொய் சொல்கிறாரா என்று அறிய இவ்வளவு பாடுபடுகிற ஆள், அவரைத் தன் வாழ்க்கையின் பெரிய ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்?

சீட்டாட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் பிரிட்ஜ் ஆடுகிறார்கள். எங்களுக்கு முந்நூற்றிநாலு. நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் எங்கள் விறாந்தையில் ஆட்டம் நடந்தால் துரும்பைக் கவிழ்த்து வைத்தவரின் முகத்தை எதிர்ப்பக்கத்து மாமி எப்படிப் பார்ப்பார் தெரியுமா? மாப் அப்படியே அச்சு.

திருக்கடலூர்:

நான் இந்தத் தொடரை யூடியூபில் பார்க்கத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

லூசியா ஒரு சிங்கி இறால் கறியின் குறிப்பை யாருக்கும் சொல்ல மாட்டார். நத்தாருக்கு மறுநாள் மாப் அதைத் திருட அவர் குசினிக்குள் நுழைகிறார், பிடிபடுகிறார், அந்த நேரம் பார்த்துக் கரை உடைந்து வெள்ளம் வந்து, சமையல் மேசையோடு இரண்டு பேரையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கவேண்டிய இடம். நத்தாருக்கு மறுநாள். எங்கள் வீதியில் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா வீட்டில் மூன்று பேர். இந்தத் தீவில் 30,000க்கும் மேற்பட்டவர்கள். எழுதியவர் எங்களை நினைத்து எழுதவில்லை, அது தொண்ணூறு வருடத்துக்கும் முந்திய கதை என்று எனக்கும் தெரியும். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது, கடற்கரைவீதி தன் அம்மாவுக்கு அதைக் காட்டத்தான் போகிறாரா என்று கேட்க விரும்புகிறேன்.

பாலையூற்றான்:

நான் அந்தக் காட்சி இருப்பது தெரியாமல் எழுதிவிட்டேன். திருக்கடலூர், நீங்கள் எழுதியது நல்லது.

கடற்கரைவீதி:

திருக்கடலூர், உங்கள் பதிவை வாசித்துவிட்டு நேற்று முழுக்க நான் டிவியே போடவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நான் தனியாகப் பார்த்த நாளிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவுடன் மூன்றாம் பாகத்தோடு நிற்பதும் அதனால்தான். அதைச் சொல்லாமல்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

எங்கள் வீடு டச்சுக்குடாப் பக்கம். அன்று காலை தண்ணீர் வந்தபோது நான் கோயிலுக்குப் போயிருந்தேன். வீட்டில் அம்மா மட்டும். பக்கத்து வீட்டு மாமியின் வீட்டில் அப்போது மேல்மாடி கட்டத் தொடங்கிப் படிக்கட்டு மட்டும் முடிந்திருந்தது. அந்த மாடி கட்டுவதைப் பற்றி அம்மா பேசாத பேச்சு இல்லை, எங்கள் கிணற்றுப் பக்கம் நிழல் விழும், காற்று மறைக்கும், இவர்களுக்கு எதற்கு மாடி என்று ஆறு மாதமாக முகம் பார்த்துக் கதைக்கவில்லை. மாமிதான் வேலிக்கு மேலால் கையை நீட்டி அம்மாவை இழுத்து அந்தப் படியில் ஏற்றினார். கூரையில்லாத அந்தப் படிக்கட்டில் இரண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டு நாள். முதல் இரண்டு நாளும் அந்த அறையில் அழுகையைத் தவிர வேறு சத்தமே இல்லை. எல்லோருக்கும் யாரோ ஒருவர் இல்லை. மூன்றாம் நாள் பெரிய கிடாரத்தில் பருப்புக் காய்ச்சும்போது உப்புப் போதும் என்றார் அம்மா, போதாது என்றார் மாமி. பத்து நிமிடம் நடந்தது அந்தச் சண்டை. உங்கள் வீட்டுக் கறி எப்பவும் சப்பென்றுதான் இருக்கும் என்று மாமி சொல்ல, உங்கள் நண்டுக்கறியைச் சாப்பிட்டு வயிறு எரிந்த கதை ஊருக்கே தெரியும் என்று அம்மா சொல்ல, சுவரில் சாய்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி வந்து அகப்பையில் எடுத்து நக்கிப் பார்த்து, கொஞ்சம் போடலாம் என்றார். அந்த மனுஷி இரண்டு நாளாக வாய் திறக்காதவர். நாங்கள் மறுபடி வீட்டுக்குப் போவோம், மறுபடி சமைப்போம், மறுபடி வேலிச்சண்டை பிடிப்போம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில்தான்.

அதனால்தான் பாலையூற்றானின் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. போட்டியை மட்டும் பார்த்தால் அது பெண்ணுக்குப் பெண் எதிரி மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தத் தொடரில் வெள்ளத்துக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். இரண்டு பேரையும் இத்தாலிய மீன்பிடிக் கப்பல் ஒன்று காப்பாற்றி, மூன்று மாதம் கடலில் வைத்திருந்து கொண்டு வருகிறது. அதற்குள் டில்லிங்கில் நினைவு ஆராதனையே முடிந்துவிட்டது. அந்த மூன்று மாதமும் ஊர் எவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கிறது! எல்லோரும் இருக்கிறார்கள், விருந்து வைக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், ஆனால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்த அன்றைக்கே இரண்டு பேரும் சண்டையைத் தொடங்குகிறார்கள், யார் கப்பலில் எப்படி நடந்துகொண்டார் என்று. அந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை, அழுதேன். திரும்பி வராதவர்களின் வேலிச்சண்டைகளை எல்லாம் நினைத்து அழுதேன்.

உங்கள் பெரியப்பா வீட்டு மூவருக்காகவும் இன்றைக்கு எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றினோம். நீங்கள் அதைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அம்மாவிடம் நான் மறைக்கப் போவதில்லை, முதலில் கேட்பேன்.

திருக்கடலூர்:

நன்றி. அம்மாவுக்கும் அந்த மாமிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெரியம்மாவும் எங்கள் அம்மாவும் கூட அப்படித்தான், பலகாரச் சூட்டில் சண்டை வராத தீபாவளி இல்லை. அம்மா இப்போது தனியாகத்தான் முறுக்குப் பிழிகிறார். ஒருவரும் குறை சொல்வதில்லை.

சொதிப்பிரியை:

திருக்கடலூர், உங்கள் அம்மாவின் முறுக்கை நான் வந்து குறை சொல்கிறேன். உண்மையாகத்தான். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கந்தசஷ்டிக்குப் பிறகு திருமலை வருகிறேன்.

லண்டன்திருமலை:

கடற்கரைவீதி, என்ன நடந்தது என்று எழுதுங்கள். அந்தச் சிங்கி இறால் கறியின் முழுக் குறிப்பும் கதையில் எங்குமே வராது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாந்துவிடுவார்.

கடற்கரைவீதி:

எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு கிழமை போய்விட்டது.

அம்மாவிடம் கேட்டேன், கடல் வந்து கொண்டுபோகிற காட்சி இருக்கிறது, நத்தாருக்கு மறுநாள் நடக்கிறது, பார்க்கவேண்டுமா விடுவோமா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலைத் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டு பேரும் திரும்பி வருவினமோ?” என்று கேட்டார். வருவார்கள் என்றேன். “அப்ப அங்காலையும் கூப்பிடு.”

மாமி வந்தார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு, மாமிக்கு இரண்டு வயது கூட, அதிலும் இருவருக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை. மாப் குசினிக்குள் பதுங்கிப் போகும்போது இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். தண்ணீர் கதவுக்குக் கீழால் வரத் தொடங்கியதும் ஒரு சத்தமும் இல்லை. நான் நிறுத்தட்டுமா என்று பார்த்தேன், அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். மேசை வெளியே மிதந்து போனபோது மாமி மெல்லச் சொன்னது, “படியில்லையே அவளவைக்கு.” அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படியைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை, ஆனால் மாமிக்குத் தேத்தண்ணி போடத் தானே எழும்பிப் போனார்.

மிச்சத்தை அடுத்த நாள் பார்த்தோம். எல்லாம் முடிந்த பிறகு மாப்பின் விருந்து மேசைக்கு அதே சிங்கி இறால் கறி வருகிறது. வெள்ளம் வந்த நேரத்திலும் குறிப்பைத் திருடியிருக்கிறார்! அந்தக் காட்சியில் அம்மா டிவியைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தார், நல்ல நேரம் பார்த்தார். எங்கள் வீட்டிலும் ஒரு சிங்கி இறால் பிரட்டல் உண்டு, என்ன போடுகிறீர்கள் என்று யார் கேட்டாலும் எல்லோரும் போடுவதுதான் என்பார் அம்மா, நான் அவர் மகள், எனக்கே முழுதாகத் தெரியாது.

“என்ன பார்க்கிறீங்கள்? உங்கட குசினிப் பக்கமே நான் வாறதில்லை” என்றார் மாமி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலிக்கு மேலால் மூடிபோட்ட சட்டி ஒன்று வந்தது. சிங்கி இறால் பிரட்டல். அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்து, ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, பெருஞ்சீரகம் கூடிப்போச்சு என்றார். சோறு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

சட்டி இன்னும் எங்கள் குசினியில்தான் இருக்கிறது. வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா, என்ன வைத்துக் கொடுப்பது என்று மூன்று நாளாக யோசிக்கிறார்.